டேக் கிடைக்கும், கால் வைக்க நிலம் எங்கே?

டிசம்பர் கடைசி வாரம் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கத்து வீட்டுத் திண்ணைகளில் டல்லாஸும் டென்வரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்த அண்ணன் தம்பிகள், சித்தி மகன்கள், மச்சினன்மார். மரச்சீனியும் மீன்கறியும் காலியாகும்போது யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “மக்கா, அங்க மான் சுட லைசென்ஸ் குடுப்பாவளாமே?”

கொடுப்பார்கள். இங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி மிளாவைச் சுட்டால் ஜெயில். அமெரிக்காவில் மாநில அரசே தலை எண்ணி, பகுதி பகுதியாகப் பிரித்து, இத்தனை உருப்படி என்று முடிவுசெய்து அனுமதி விற்கிறது. அந்த அனுமதிச் சீட்டைத்தான் டேக் என்கிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் நடக்கும் வேட்டைக்கு இந்தத் திண்ணைப் பேச்சிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். வேறு மாநிலத்தில் குடியிருந்துகொண்டு வயோமிங்கில் ‘ஆன்டிலோப்’ வேட்டைக்குப் போக நினைக்கும் நம் ஊர்க்காரர்களுக்காகவே இதை எழுதுகிறோம். முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: டேக் கிடைப்பது கஷ்டமில்லை. அந்த டேக்கோடு சட்டப்படி கால் வைக்க நிலம் கிடைப்பதுதான் கஷ்டம். பாதிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, கையில் டேக்கோடு முள்வேலிக்கு வெளியே நின்று மானைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அமெரிக்கர்கள் ஆன்டிலோப் என்பது ப்ராங்ஹார்ன். நம்மூர் வெளிமானுக்கும் அதற்கும் உறவு கிடையாது. அதன் குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். கவை பிரிந்த கொம்பின் மேலுறையை ஆண்டுக்கு ஒருமுறை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்க்கும். கிடா 45 முதல் 60 கிலோ வரை வரும். மணிக்கு சுமார் 88 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். காட்டுக்குள் இருக்காது, சேஜ்பிரஷ் புதர் மட்டுமே உள்ள பொட்டல்வெளியில் நிற்கும். உலகத்திலேயே அதிகமாக இருப்பது வயோமிங்கில். பெரும்பாலான பகுதிகளின் டேக்கில் ஐந்தில் ஒரு பங்கை அங்கே வெளிமாநிலத்தாருக்கு ஒதுக்குகிறார்கள். முதல் வேட்டைக்கு அந்த மாநிலத்தை விட்டு வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னால் விசாவைப் பாருங்கள். எச்-1பி, எல்-1, எஃப்-1, பார்வையாளர் விசா என எதில் இருந்தாலும், அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கியும் தோட்டாவும் கைவசம் வைத்திருக்கக் கூடாது என்கிறது. அதற்கு ஒரு விலக்கு உண்டு: ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் உங்கள் கையில் இருக்க வேண்டும். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. பலர் சறுக்குவது பழகும் நாளில்தான். வேட்டைக்குப் போகும்போது லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டு, ஜூலையில் மச்சினனின் ரைஃபிளை ரேஞ்சில் (சுடப் பழகும் இடத்தில்) வாங்கிச் சுட்டுப் பார்ப்பார்கள். அது கடன் வாங்கிய துப்பாக்கியாக இருந்தாலும் குற்றம் குற்றம்தான். விசாவுக்கே உலை வைக்கும். ஆகவே குடியிருக்கும் மாநிலத்தின் வருடாந்திர வேட்டை லைசென்ஸை முதலில் வாங்குங்கள், அது முடியும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள், அசலைப் பர்ஸில் வையுங்கள். குடியேற்ற வழக்கறிஞர் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. ஊரிலிருந்து பார்க்க வந்த அப்பாவோ மாமாவோ கூட வரலாம். பைனாகுலர் பிடிக்கலாம், கறி சுமக்கலாம், துப்பாக்கியைக் கையில் கொடுக்காதீர்கள்.

அடுத்தது ஹன்டர் எஜுகேஷன் எனப்படும் வேட்டைப் பயிற்சி வகுப்பின் சான்றிதழ். 1966 ஜனவரி 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வயோமிங்கில் துப்பாக்கியோடு வேட்டையாட இது வேண்டும். எந்த மாநிலத்துச் சான்றும் செல்லும். சில மாநிலங்களில் ஆன்லைன் பாடத்துக்குப் பிறகு ஒருநாள் நேரடி வகுப்பும் உண்டு; அந்த வகுப்புகள் ஆகஸ்டில் நிரம்பிவிடும். பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள்.

இனி விண்ணப்பம். டேக்கைக் குலுக்கல் போட்டுத்தான் கொடுப்பார்கள். வெளிமாநிலத்தாருக்கான ஆன்டிலோப் விண்ணப்பம் ஜனவரி தொடக்கத்தில் திறந்து ஜூன் தொடக்கத்தில் மூடும். திறந்த அன்றே போட்டால் முன்னுரிமை எதுவும் இல்லை. ஏப்ரலில்தான் அங்கே ஆணையம் கூடி அந்த ஆண்டின் டேக் எண்ணிக்கையை இறுதிசெய்யும். குளிர்காலம் கொடுமையாகப் போயிருந்தால் எண்ணிக்கை பாதியாகக் கூடக் குறையும். 2022–23 பனிக்காலத்தில் மேற்கு வயோமிங்கில் மான்கள் கூட்டம் கூட்டமாகச் செத்ததும் அதையடுத்து டேக்குகள் வெட்டப்பட்டதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. மே மாதம் புதிய எண்ணிக்கையைப் பார்த்த பிறகே போடுங்கள்.

சாதாரணக் குலுக்கலில் எந்த ஆன்டிலோப்பும் சுடலாம் என்ற டைப் 1 டேக் 326 டாலர். பெட்டை, குட்டிக்கு மட்டுமான டைப் 6 டேக் 34 டாலர். விண்ணப்பக் கட்டணம் 15 டாலர் தனி, அது திரும்பாது. ‘ஸ்பெஷல்’ குலுக்கல் 1,200 டாலர். அதே டேக்தான், வரிசை மட்டும் சிறியது. முதல் வேட்டைக்கு அது வீண் செலவு என்பது எங்கள் கருத்து. டேக்கின் முழுத் தொகையும் விண்ணப்பிக்கும்போதே அட்டையிலிருந்து போய்விடும். கிடைக்காவிட்டால் திரும்ப வரும். ஆறு பேர் சேர்ந்து போடுகிறீர்கள் என்றால் அத்தனை பணமும் சில வாரம் முடங்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

குலுக்கலில் முன்னே நிற்க வருடாவருடம் காசு கொடுத்துச் சேர்ப்பது முன்னுரிமைப் புள்ளி. டேக்கில் 75 சதவீதம் அது அதிகம் உள்ளவருக்குப் போகும். மீதி 25 சதவீதம் யாருக்கும் விழலாம். புள்ளி ஒன்று 31 டாலர், ஜூலை முதல் அக்டோபர் முடிய வாங்கலாம். கூட்டு விண்ணப்பத்தில் எல்லாருடைய புள்ளியையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். அண்ணனிடம் 4, தம்பியிடம் 0 என்றால் இருவருக்கும் 2. அண்ணன் நாலு வருஷம் சேர்த்ததைத் தம்பி ஒரே நாளில் பாதியாக்கிவிடுவான். இதைத் திண்ணையிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

இப்போது நிலம். வேட்டைத் துறையின் இணையதளத்தில் ஒவ்வொரு ஹன்ட் ஏரியாவுக்கும் (வேட்டைப் பகுதிக்கும்) எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்ற பட்டியல் இருக்கும். அதில் புள்ளியே இல்லாமல் நூற்றுக்கு நூறு கிடைக்கும் பகுதிகளைக் கண்டதும் மனசு துள்ளும். கிழக்கே கில்லெட், டக்ளஸ் பக்கத்துப் பகுதிகள் பல இப்படித்தான். காரணத்தைக் கேளுங்கள்: மான் நிறைய, நிலம் முக்கால்வாசி தனியார் பண்ணை. குலுக்கல் முடிந்த பிறகும் மிஞ்சிக் கிடக்கும் டேக்குகளும் அதே காரணத்தால்தான் மிஞ்சுகின்றன. மாறாக ராலின்ஸ் பக்கத்து ரெட் டெசர்ட் போன்ற இடங்களில் கண்ணுக்கு எட்டிய தூரம் பொதுநிலம். அங்கே டேக் கிடைக்க வருடக்கணக்கில் புள்ளி சேர்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே, ஒன்றிரண்டு புள்ளியில் கிடைக்கிற, ஓரளவு பொதுநிலமும் உள்ள பகுதியைத் தேடிப் பிடிப்பதுதான் திட்டமிடலில் முக்கால் வேலை.

ஆன்எக்ஸ் போன்ற நில எல்லை ஆப் ஒன்றைச் சந்தாவோடு எடுங்கள். மஞ்சள் நிறம் பிஎல்எம் என்கிற மத்திய அரசு நிலம். நீலம் மாநில அறக்கட்டளை நிலம். இரண்டிலும் வேட்டையாடலாம், ஆனால் மாநில நிலத்தில் கூடாரம் போடவோ தீ மூட்டவோ கூடாது, பாதை விட்டு வண்டி ஓட்டவும் கூடாது. வண்ணத்தைப் பார்த்து ஏமாறும் இடம் இதுதான்: மஞ்சள் கட்டம் பெரிதாக இருக்கும், அதற்குள் ஒரு கோடும் போகும். ஆனால் அந்தக் கோடு கவுன்டியின் (மாவட்டத்தின்) பொதுச்சாலையா, பண்ணைக்காரரின் சொந்த வண்டித்தடமா? வழியில் ஒரே ஒரு கிலோமீட்டர் தனியார் நிலத்தைத் தொட்டாலும் அந்த மஞ்சள் கட்டம் உங்களுக்கு இல்லை. நம்மூர் விளைக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் ஊரே நடக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே அந்த வழக்கம் இல்லை. வேலி இல்லாவிட்டாலும், பலகை இல்லாவிட்டாலும், தனியார் நிலத்தில் அனுமதி இல்லாமல் வேட்டைக்குக் கால் வைத்தால் வழக்குதான்.

ஆகவே ஒவ்வொரு பொதுநிலத் துண்டுக்கும் பொதுச்சாலையிலிருந்து விரலை வைத்துப் பாதையைத் தொட்டுக்கொண்டே போங்கள். சந்தேகம் வந்தால் அந்தக் கவுன்டியின் சாலை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். இப்படிச் சல்லடையிட்ட பிறகு, ஒன்றிலிருந்து ஒன்று விலகிய மூன்று துண்டாவது, ஒவ்வொன்றும் நாலைந்து சதுர மைலுக்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும். ஒரே துண்டை நம்பிப் போனால் தொடக்க நாள் விடியும்போது அங்கே ஏற்கெனவே ஐந்து வண்டி நிற்கும்.

ரயில்பாதையை ஒட்டிய தென்பகுதியில் நிலம் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் கம்பெனிக்கு ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைல் என்று கொடுத்த கணக்கு அது. இரண்டு பொதுக் கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும். அந்த மூலையை, தனியார் மண்ணில் கால் படாமல் தாண்டுவதை நிலக்காரர் தடுக்க முடியாது என்று 2025 மார்ச்சில் பத்தாவது வட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிசௌரியிலிருந்து வந்த நான்கு வெளிமாநில வேட்டைக்காரர்களின் வழக்கு அது. வயோமிங், கொலராடோ எல்லாம் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள், மொன்டானா இல்லை. ஆனால் போன் காட்டும் புள்ளி ஐந்து பத்து மீட்டர் தள்ளி விழும். தரையில் புதைத்த சர்வே குறிக்கல்லைக் கண்ணால் பார்க்காமல் எந்த மூலையையும் தாண்டாதீர்கள்.

தனியார் நிலத்துக்கும் வாசல் உண்டு. வாக்-இன் ஏரியா என்பது, அரசு பண்ணைக்காரரிடம் குத்தகைக்கு எடுத்து நடந்து போய் வேட்டையாடத் திறந்துவிட்ட நிலம். ஹன்டர் மேனேஜ்மென்ட் ஏரியாவுக்கு இணையத்தில் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். சிலவற்றுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. இரண்டிலும் திறக்கும் தேதி ஒவ்வொரு இடத்துக்கும் மாறும், வாசித்துப் பாருங்கள். மூன்றாவது வழி, பண்ணைக்காரரைப் போனில் கூப்பிடுவது. கன்று ஈனும் மார்ச், ஏப்ரலில் கூப்பிட்டு எரிச்சல்படுத்தாதீர்கள். ஆகஸ்டில் கூப்பிட்டால் தாமதம். மே, ஜூன் மாலையில் பேசுங்கள். எத்தனை பேர், எத்தனை வண்டி, எந்தத் தேதி, எந்த டேக் என்று நாலே வாக்கியம். கிடாவுக்குக் கட்டணம் கேட்பவர்கள்கூட பெட்டைக்குக் குறைவாகவோ சும்மாவோ விடுவது உண்டு. கேட்டைத் திறந்தது போலவே மூடிவிட்டு வந்தீர்களானால் அடுத்த வருஷமும் அந்த வாசல் திறக்கும்.

வேட்டைத் துறையில் அந்தப் பகுதிக்கான உயிரியலாளரையும் கூப்பிடலாம். நல்ல மனதோடு பேசுவார்கள். ‘எங்கே போனால் கிடைக்கும்’ என்று கேட்காதீர்கள். ‘இந்தப் பகுதியில் டேக் மிஞ்சுவது நிலம் இல்லாததாலா? போன குளிரில் குட்டிகள் தப்பினவா? எந்தப் பக்கத்தில் கூட்டம் குறைவு?’ என்று கேட்டால் பதில் உருப்படியாக வரும்.

தரையில் போனதும் வரும் சங்கடங்களில் முதலாவது சேறு. கிழக்கு வயோமிங்கின் பென்டோனைட் களிமண் காய்ந்திருக்கும்போது சிமென்ட் மாதிரி இருக்கும். அரைமணி மழை பெய்தால் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, நாலு சக்கர இயக்கமுள்ள வண்டியையும் நிறுத்திவிடும். மழை அறிகுறி தெரிந்தால் உடனே ஜல்லிச் சாலைக்கு வந்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால் இறங்கிப் போராடாமல் இரவு உறைந்த பிறகோ மறுநாள் காய்ந்த பிறகோ கிளம்புங்கள். டயர் கிழிக்கும் கூர்க்கல் நிறைய. முழு அளவு ஸ்டெப்னி இரண்டு, காற்றடிக்கும் கம்ப்ரஸர், தண்ணீர் 20 லிட்டர் இருக்கட்டும். சிக்னல் இருக்காது, வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கி வையுங்கள். தவழும் இடமெல்லாம் சப்பாத்திக்கள்ளி. முழங்கால் பட்டை, தோல் கையுறை, முள் எடுக்க ஒரு சாமணம்.

இரண்டாவது காற்று. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாடிகளுக்குக் கீழே நின்றவருக்கு அதை விளக்க வேண்டாம். அங்கே அது நாள் முழுக்க வீசும். .243 அல்லது 6.5 க்ரீட்மூர் ரகத் தோட்டா, மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் 300 கெஜம் போவதற்குள் ஆறேழு அங்குலம் ஒதுங்கிவிடும். ப்ராங்ஹார்னின் நெஞ்சுக்கூட்டில் உயிர் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுதான். நடுவில் குறிவைத்த குண்டு வயிற்றில் போய் விழும் கணக்கு இது. ஸ்கோப்பை 200 கெஜத்துக்கு ஜீரோ செய்து (அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்து), மேசையில் அல்லாமல் பைபாட் என்ற இருகால் தாங்கி வைத்துப் படுத்தும், உட்கார்ந்தும் 60, 80 ரவுண்டாவது பழகுங்கள். பழகாத தூரத்தில் சுடாதீர்கள். பொட்டலில் தூரம் கண்ணை ஏமாற்றும், அந்த மானும் நினைப்பதைவிடச் சிறிசு. தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாமல் போக வேண்டாம். விமானத்தில் வந்தால் பூட்டிய கெட்டிப் பெட்டியில், தோட்டா இல்லாமல், கவுன்ட்டரில் சொல்லி, செக்-இன் சாமானில்தான் ரைஃபிள் வர வேண்டும். இறங்கியதும் இரண்டு ரவுண்டு சுட்டு ஜீரோ நகரவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு அல்லது பிங்க் மேலாடை ஒன்றாவது உடம்பில் தெரிய வேண்டும். சூரிய உதயத்துக்கு அரைமணி முன்னிருந்து அஸ்தமனத்துக்கு அரைமணி பின்வரை மட்டும். வண்டியிலிருந்தோ பொதுச்சாலைக்குக் குறுக்கேயோ சுடக் கூடாது. பெட்டை டேக் வைத்திருப்பவர் ஒரு நிமிடம் கூடுதலாக ஸ்கோப்பில் பாருங்கள். பெட்டைக்கும் கொம்பு முளைக்கும், இரண்டு மூன்று அங்குலம். இளங்கிடாவின் கொம்பும் அதே அளவு இருக்கும். கன்னத்தைப் பாருங்கள்: காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் மை தடவியது போல ஒரு கறுப்புத் திட்டு இருந்தால் அது கிடா. தலையைத் திருப்பும்வரை காத்திருந்தால் தெரிந்துவிடும்.

விழுந்ததும் முதல் வேலை டேக்கில் தேதி வெட்டிக் கையெழுத்துப் போடுவது; கத்தி அதற்கு அப்புறம். ப்ராங்ஹார்ன் கறி நாறும் என்று சொல்வார்கள். ஓடவிட்டுச் சுட்டதும், வெயிலில் தோலோடு வண்டியின் பின்னால் போட்டுச் சுற்றியதும்தான் அந்த நாற்றம். அதன் ரோமம் உள்ளே பொள்ளல். கம்பளி போர்த்திய மாதிரி உடல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செப்டம்பர் மதியம் 25, 30 டிகிரி இருக்கும். ஒருமணி நேரத்துக்குள் தோலை உரித்தாக வேண்டும். கத்தியை ரோமப் பக்கமிருந்து போடாமல், தோலுக்கு உள்ளிருந்து வெளியே போகும்படி அறுங்கள். இல்லையென்றால் ரோமம் பொடிப்பொடியாக உடைந்து கறியில் ஒட்டும், கழுவினாலும் போகாது. ரோமத்தைப் பிடித்த கையால் கறியைத் தொடாதீர்கள். குடலைத் திறக்காமலே முன்சப்பை, முதுகுச் சதை, பின்தொடை, கழுத்து என்று ஒரு பக்கத்தை எடுத்து, திருப்பிப் போட்டு மறுபக்கத்தை எடுத்து, கடைசி விலாவுக்குப் பின்னால் கையைவிட்டு உள்சதையை உருவலாம். தொடை, சப்பை, முதுகு, உள்சதை எதையும் விட்டுவிட்டு வருவது சட்டப்படி குற்றம்.

ஐஸ் போடுவதில் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு பழைய பழக்கம் குறுக்கே வரும். குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் மீனுக்கு ஐஸை உடைத்து மேலும் கீழும் கொட்டுவோம். மீனுக்கு அது சரி. மான் கறி தண்ணீரில் ஊறினால் வெளுத்துச் சவசவவென்று ஆகிவிடும். இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, ஒரு மானுக்கு எட்டுப் பத்து பாட்டில் கொண்டுபோங்கள். கறியைத் துணிப்பையில் போட்டுக் காற்றாட ஆறவிட்டு, பிறகு 60 லிட்டர் கூலரில் பாட்டில்களுக்கு மேல் வையுங்கள். கூலரின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்தே விடுங்கள். விமானத்தில் திரும்புபவர் கறியைக் கல்லாக உறைய வைத்துக் கட்டினால் ஒரு நாள் தாங்கும். உலர்பனி தலைக்கு 2.5 கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். ஊருக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுக்கும் எண்ணம் வேண்டாம். இந்திய விமான நிலையத்தில் அது குப்பைக்குத்தான் போகும்.

எலும்பு நீக்கினால் 15 முதல் 20 கிலோ கறி தேறும். முதுகுச் சதையைக் குக்கரில் ஏற்றிக் கெடுக்காதீர்கள். விரல் தடிமனுக்கு வெட்டி, உப்பும் மிளகும் தேங்காய் எண்ணெயும் புரட்டி, சூடேறிய இரும்புக் கல்லில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும். இந்தக் கறியில் கொழுப்பே கிடையாது, அதனால் அதிகம் வெந்தால் கட்டையாகிவிடும். கழுத்தும் கால்தண்டும்தான் நம்ம வறுத்தரைச்ச குழம்புக்கு ஏற்றவை. தேங்காய், கொத்தமல்லி, வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை எல்லாம் கருஞ்சிவப்பாக வறுத்து அரைத்து, கறியை முதலில் மஞ்சளும் உப்பும் போட்டு ஏழு விசில் விட்டு, அப்புறம் அரைப்பைச் சேர்த்து எண்ணெய் தெளியும்வரை சிறுதீயில் வைக்க வேண்டும். பொட்டலம் கட்டும்போதே எது கழுத்து, எது தொடை, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டுங்கள். உறைந்த பிறகு எல்லாம் ஒரே செங்கல்தான்.